யார் கையெழுத்து, யார் கணக்கு
இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, நெமிலிச்சேரி



மன்றத்துத் தோழர்கள் மூன்று மாதத்துக்கு முன்பு என் வீட்டுக்கு வந்து, இந்த ஆண்டு தாத்தா இரட்டைமலையார் நினைவுச் சொற்பொழிவை நீங்கள்தான் ஆற்ற வேண்டும் என்றார்கள். நான் கதை எழுதியவள் இல்லை, கவிதை எழுதியவள் இல்லை, இலக்கிய மன்றத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "நீங்க எழுதினது மினிட் புத்தகம்தானேக்கா, அதைப் பத்திப் பேசுங்க" என்றார் ஒரு தம்பி. கிண்டலாகத்தான் சொன்னார். அவர் சொன்னதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் பட்டாபிராம் பக்கத்துக் காலனியில் வளர்ந்தவள். இந்த நெமிலிச்சேரி எனக்கு அடுத்த ஸ்டேஷன். இப்போது வெளிவட்டச் சாலை மேலே போகிறது, லாரிகள் நிற்காமல் ஓடுகின்றன. அப்போது ஸ்டேஷனை விட்டு இறங்கினால் ஏரியும் வயலும்தான். அப்பா ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. எங்கள் காலனியில் ஏப்ரல் 14 முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மைக் செட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பு, அதே மைக்கில் வசூல் கணக்கைப் படிப்பார்கள். பந்தல் இவ்வளவு, மாலை இவ்வளவு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் இவ்வளவு, டீ இவ்வளவு. போன வருசத்தைவிட டீச் செலவு ஏன் ஏறியது என்று ஒரு பெரியம்மா எழுந்து கேட்பார். அதற்கு அரை மணி நேரம் சண்டை நடக்கும். கையிருப்பு 45 ரூபாய் என்றால், அந்த 45 ரூபாய் யார் கையில் இருக்கிறது என்று பேரைச் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்பட்டவர் எழுந்து நின்று "என்கிட்டதான் இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் 19 ஆண்டுகள் இயக்குநராக இருந்தேன். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் மாலை நேரப் பாடசாலைகள், பெண்கள் சங்கம், பஞ்சமி நில மீட்பு என்று வேலை. வருடத்துக்கு வந்த பணம் எங்கள் காலனி ஜென்மத்தில் பார்க்காத தொகை. அந்த 19 ஆண்டுகளில் ஒரு தடவைகூட டீச் செலவு ஏன் ஏறியது என்று என் நிர்வாகக் குழுவில் ஒருவரும் கேட்டதில்லை.

குழு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். என் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், அவர்தான் பொருளாளர். ஒரு வழக்கறிஞர். என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் என்னை நம்பியவர்கள். அதுதான் கோளாறு. தீர்மானத்தை எங்கள் கணக்காளர் முந்தின நாளே எழுதி வைத்துவிடுவார். கூட்டத்துக்கு வராதவர்களின் வீட்டுக்கு மறுநாள் பைக்கில் புத்தகம் போகும், கையெழுத்தோடு திரும்பி வரும். எங்கள் மினிட் புத்தகத்தில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறியிருக்கிறது. பின்னாளில் எத்தனையோ நிறுவனங்களின் புத்தகத்தைப் பார்த்தேன். எல்லாம் ஏகமனது. ஒரு தலித் அமைப்பில் 10 பேர் உட்கார்ந்து 10 வருடம் ஒரு விஷயத்திலும் மாறுபடவில்லை என்றால் நீங்கள் நம்புவீர்களா?

ஒரு வருடம் வெளிநாட்டு நிதித் தவணை தாமதமானது. பாடசாலைகளை மூடக் கூடாது என்ற வீராப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். பணியாளர்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் பாடசாலைச் செலவுக்குத் திருப்பிவிட்டேன். பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று நினைப்பு. குழுவிடம் சொல்லவில்லை. களப்பணியாளர் ஒரு அம்மா, கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பி.எஃப். எடுக்கப் போனபோது கணக்கில் பல மாதத் தவணை ஏறவில்லை என்று தெரிந்தது. எங்கள் மக்கள். நாங்கள் வேலைக்கு எடுத்து, உரிமை என்றால் என்ன என்று பயிற்சி கொடுத்த அம்மா. அவர் நேராகப் பொருளாளரிடம் போனார். பொருளாளர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார். "நீங்க கேக்கலையே சார்" என்றேன்.

வட்டியும் அபராதமுமாகக் கட்டி முடித்தோம். ஆனால் அந்த என் பதில் இருக்கிறதே, "நீங்க கேக்கலையே சார்", அதை நான் பல இரவு நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்காத ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி உட்கார வைத்தவள் நான்தான்.

தாத்தாவின் நினைவு நாளில் ஏன் இந்தக் கணக்கு வழக்கு என்று யாருக்காவது தோன்றலாம். நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்வி நமக்கு அவர் காலத்திலேயே வந்துவிட்டது. 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து உட்காருவார்கள் என்று எதிர்த்து, நம் மக்களிடம் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியவர் அவர். நம் ஜனங்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. பண்ணையார் நீட்டிய காகிதம் இல்லை, தானே தெரிந்து வைத்தது.

அடுத்தது 1932. பூனா ஒப்பந்தம் செப்டம்பர் 24இல் கையெழுத்தானது. அதே மாதம் 30ஆம் தேதி பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு அகில இந்திய அமைப்பு உருவானது; பிறகு அதுவே ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது. தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் தக்கர் பாபா. தொடக்கத்தில் அதன் மத்தியக் குழுவில் நம்மவர்கள் மூன்று பேர்: அண்ணல் அம்பேத்கர், எம்.சி. ராஜா, நம் தாத்தா சீனிவாசன். வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும் வழியிலிருந்தே அம்பேத்கர் அந்தச் செயலாளருக்கு நீண்ட கடிதம் எழுதினார். குடியுரிமைக்காகப் போராட வேண்டும், வேலைவாய்ப்பில் சமத்துவம் வேண்டும், ஊழியர்களைத் தாழ்த்தப்பட்டோரிலிருந்தே எடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் வெளியேறினார்.

பிறகு நம்மவர்கள் போய் நிர்வாகத்தில் இடம் கேட்டபோது காந்தியார் சொன்ன காரணத்தை அண்ணல் 1945இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். இது இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் இந்துக்கள் கொடுத்தது, ஆகவே நடத்துவதும் அவர்களே என்பது அந்த நியாயத்தின் சாரம். நீங்கள் வேண்டுமானால் ஆலோசனை சொல்லுங்கள். அதாவது ஆலோசனைக்கு நாம், கையெழுத்துக்கு அவர்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இயக்குநர் பதவியை விட்ட பிறகு நான் செய்யும் வேலைக்குப் பெயரே ஆலோசகர். நிறுவனங்களின் நிர்வாகக் குழுவோடு உட்கார்ந்து, குழுவை எப்படி நடத்துவது என்று சொல்லும் வேலை. ஓட்டு இல்லாத நாற்காலி. நம்மை எந்த நாற்காலியில் ஒதுக்கினார்களோ அதே நாற்காலியை நான் கூலிக்கு எடுத்துக்கொண்டேனா என்று எனக்கே சந்தேகம்.

இதற்கு எனக்கு ஒரு பதிலும் அண்ணலிடமிருந்துதான் கிடைத்தது. 1924 ஜூலையில் அவர் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அதன் தலைவர் யார் தெரியுமா? சர் சிமன்லால் சேதல்வாட், பெரிய வழக்கறிஞர், சாதி இந்து. துணைத் தலைவர்களிலும் பார்சி, யூதர், பிராமணர் என்று பெரிய பெயர்கள். பணத்துக்கும் பேருக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளரும் பொருளாளரும் நம் மக்கள். பெரிய மனிதர்கள் ஆலோசனை சொன்னார்கள், தீர்மானமும் சாவியும் இந்தப் பக்கம் இருந்தன. 1932இல் பிர்லா அமைப்பில் இருந்தது இதன் தலைகீழ். ஆலோசனை கேவலமான வேலை இல்லை. அந்த ஆலோசனைக்குப் பிறகு சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் நம் கைக்குச் சாவி வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பேச வேண்டும். இதைப் பேசினால் "நம்மாளுங்களையே குத்தம் சொல்றீங்களா" என்பார்கள். நான் என்னையே குற்றம் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். அண்ணல் 1945இல் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்தின் நிர்வாகம் யாருக்கு என்று அவர் மறைந்த பிறகு வழக்குகள் நடந்தன, பல ஆண்டுகள் நடந்தன. அவர் கட்டிய கல்லூரிகளில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், கோர்ட்டில் தலைவர் யார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் இதன் சின்ன வடிவத்தை நான் தினமும் பார்க்கிறேன். அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்று ஒரு தம்பி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார். வாசலில் பத்திரம் எழுதுபவர் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி வைத்திருப்பார். பேரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பார். அதில் என்ன இருக்கும்? நிறுவனரே ஆயுட்கால நிர்வாக அறங்காவலர். அவருக்குப் பின் அவர் நியமிக்கும் நபர், இல்லையேல் அவருடைய வாரிசு. மற்ற அறங்காவலர்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவருக்கே அதிகாரம். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை, அவர் அதைப் படிக்கவே இல்லை. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கு 1950இலிருந்து தனிச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. கோயில் சாராத பொது அறக்கட்டளைகளுக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதம். சாதி ஒழிப்புக்கென்று தொடங்கிய அமைப்பில் வாரிசுரிமை முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், மிட்டா மிராசு மாதிரி.

சங்கமாகப் பதிவு செய்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடியும் அதே ஆட்கள் வரலாம், ஆனால் மறுபடியும் மக்கள் முன்னால் நின்றுதான் வர வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். பஞ்சமி நிலத்தின் ஒப்படைப்பு நிபந்தனை என்ன, யாருக்கு விற்கக் கூடாது என்று பழைய பதிவேடுகளைத் தேடித் தாலுகா அலுவலகம் தாலுகா அலுவலகமாக அலைந்தோம். எங்கள் சொந்த அறக்கட்டளைப் பத்திரத்தின் நிபந்தனைகளை நான் ஒழுங்காகப் படித்தது, வெளியே வர முடிவு செய்த பிறகுதான்.

வெளியே வருவதும் சுலபமாக நடக்கவில்லை. முடிவெடுத்து இரண்டு வருடம் இழுத்தேன். வந்த பிறகும் புது இயக்குநருக்குத் தினம் ஒரு போன். பணியாளர்கள் என் வீட்டுக்கே வந்து அவரைப் பற்றிக் குறை சொல்வார்கள், நானும் காபி போட்டுக் கொடுத்துக் கேட்பேன். சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருக்கும் மாமியார். ஒரு நாள் அந்தப் பெண்ணே வந்து, "அக்கா, நீங்க திரும்ப வந்துடுங்க, இல்லன்னா ஒரு வருசம் வராம இருங்க" என்றாள். ஒரு வருடம் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

குஜராத்தில் மார்ட்டின் மக்வான் இதை என்னைவிட நன்றாகச் செய்தார். கோலானா கிராமத்தில் 1986 ஜனவரியில் தலித்துகள் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கிலிருந்து பிறந்தது நவசர்ஜன் அமைப்பு. அதை நாட்டின் பெரிய தலித் அமைப்புகளில் ஒன்றாக வளர்த்துவிட்டு, 2004இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். அந்த இடத்துக்கு வாரிசு வரவில்லை. மஞ்சுளா பிரதீப் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். தலித் பெண். அங்கேயே ஊழியராகச் சேர்ந்து வளர்ந்தவர். 2016 டிசம்பரில் மத்திய அரசு நவசர்ஜனின் வெளிநாட்டு நிதி உரிமத்தை ரத்து செய்தது. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஆகவே நல்ல நிர்வாகம் இருந்தால் யாரும் நம்மைத் தொட முடியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தொடுவார்கள். அப்போது நம் கணக்கு நம் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தால், "அந்தப் பணம் எங்க வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். தெரியாவிட்டால் டிவியில் சொன்னதை அவர்களும் நம்புவார்கள்.

2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியதும் நிலைமை மாறியது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்றது 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. நம் சேரிகளில் மூன்று பேர், நான்கு பேராக நடத்திக்கொண்டிருந்த அமைப்புகள்தான் இதில் அடிபட்டன. குழு உறுப்பினர்களின் பயணச் செலவும் நிர்வாகச் செலவுக் கணக்கில்தான் வரும். இதன் விளைவு என்ன? ஓய்வூதியம் வாங்கும் அய்யா ஓசியில் வந்து குழுவில் உட்காரலாம். செங்கல் சூளைக்குப் போகும் பெண் உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. "நாங்க கூப்பிட்டோம் மேடம், அவங்கதான் வர்றதில்ல" என்று எல்லா இயக்குநரும் என்னிடம் சொல்கிறார்கள். அந்த நாள் கூலியை உள்ளூர் நன்கொடையிலிருந்து கொடுத்தீர்களா என்று கேட்பேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் தெருவில் வைத்தீர்களா என்று கேட்பேன்.

வேறொரு நிறுவனத்தில், நல்ல பேர் உள்ள நிறுவனம், குழுவில் "சமூகப் பிரதிநிதி" என்று ஒரு தலித் பெண்மணி. மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தன்று காலை கையில் கொடுத்த 40 பக்கமும் ஆங்கிலம். மூன்று மணி நேரத்தில் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, டீயா காபியா. நான் அந்தக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம்: காகிதம் 10 நாளுக்கு முன்னால், தமிழில், கணக்கை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அந்தப் பெண்மணி கேள்வி கேட்டு முடிக்கும் வரை அடுத்த பொருளுக்குப் போகக் கூடாது. இதற்கா இவ்வளவு தூரம் ஆலோசகரைக் கூப்பிட்டோம் என்று முகத்தைச் சுளித்தார்கள். இன்னொரு இடத்தில் இயக்குநர், நிதி கொடுப்பவர்கள் கேட்கிறார்கள், "நிர்வாகம் சிறப்பாக உள்ளது" என்று இரண்டு நாளில் ஒரு அறிக்கை வேண்டும் என்றார். குழுவைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். அந்த வேலை போய்விட்டது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இயக்குநர் மட்டும் கூப்பிட்டால் போவதில்லை, குழு தீர்மானம் போட்டுக் கூப்பிட வேண்டும். நான் எழுதும் அறிக்கையைப் பொதுக்குழுவில் படிக்க வேண்டும். வாய்ப்பு குறைவுதான். மாதத்தில் பாதி நாள் சும்மா இருக்கிறேன், பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

இந்த மன்றத்துக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சொற்பொழிவை அச்சிட எவ்வளவு ஆனது, யார் கொடுத்தார்கள் என்று இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டேன். செயலாளர் தம்பி கொஞ்சம் நெளிந்தார். போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் புரட்டிப் பாருங்கள்.

அந்தக் களப்பணியாளர் அம்மாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, பி.எஃப். கேட்டுப் போனவர். அவர் ஓய்வுபெற்று, இப்போது இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். போன மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போன். பழசெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதவர். அல்லது வைத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டாரோ, தெரியாது. "மேடம், நாளைக்கு மீட்டிங்கு. ஒரு பேப்பர் குடுத்துருக்காங்க. இதுல 'இதர செலவு'ன்னு 28,000 போட்டிருக்கு. இதரன்னா என்னா?"

"அவங்ககிட்டயே கேளுங்கம்மா."

"கேட்டா கோச்சுப்பாங்களோ?"

"கோச்சுக்கட்டும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப கையெழுத்து?" என்றார்.

"அவங்க சொன்னப்புறம் போடுங்க. சொல்லலைன்னா, கேட்டேன் சொல்லலைன்னு அந்தப் புத்தகத்துலயே எழுதிட்டுப் போடுங்க."

மறுநாள் மத்தியானம் மறுபடியும் போன் வந்தது. கூட்டம் இன்னும் முடியவில்லையாம், சாப்பாட்டுக்கு விட்டிருக்கிறார்களாம்.